67.5 கிலோஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ்: தாராவி டிடிபி கடையில் ஒரு கறுப்புத் திரை

ரெசல்யூஷன் மாத்தினேன், திரை கறுத்துப்போச்சு என்று யாராவது கூப்பிட்டால் நான் முதலில் கேட்பது, கறுப்பாவதற்கு முன்னால் மானிட்டர் ஏதாவது எழுதிக் காட்டியதா என்று. பெரும்பாலும் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். காட்டியிருக்கும், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சில விநாடி ஒரு சின்னப் பெட்டி மிதந்துவிட்டு மானிட்டர் தூங்கப் போய்விடும். பொத்தான் ஓரத்து விளக்கு நீலத்திலிருந்து ஆரஞ்சுக்கு மாறிவிடும். அதற்குப் பிறகு வந்து பார்ப்பவர்களுக்கு எல்லாக் கறுப்பும் ஒன்றுதான்.

உண்மையில் வேறு வேறு. ‘நோ சிக்னல்’ என்று வந்தால் சிபியுவிலிருந்து எதுவும் வந்து சேரவில்லை. கேபிள் கழன்றிருக்கலாம், மதர்போர்டு கிளம்பாமலே கிடக்கலாம், படம் வேறு போர்ட்டுக்குப் போய்க்கொண்டிருக்கலாம். எழுத்தே இல்லாமல், கடை விளக்கை அணைத்துப் பார்த்தால் மட்டும் திரை லேசாக வெளிறித் தெரிகிறது என்றால் திரைக்குப் பின்னால் உள்ள விளக்கான பேக்லைட் எரிகிறது, சிக்னலும் வருகிறது, ஆனால் வருகிற படமே கறுப்பு. அங்கே டிரைவரை, அதாவது கிராஃபிக்ஸை இயக்கும் மென்பொருளை, சந்தேகப்பட வேண்டும். ‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்றோ ‘இன்புட் நாட் சப்போர்ட்டட்’ என்றோ வந்தால் சந்தோஷப்படலாம். சிபியு ஓடுகிறது, கேபிளில் படம் வருகிறது, மானிட்டருக்கும் உயிர் இருக்கிறது. வருவது தன்னால் காட்ட முடியாத அளவு என்று மானிட்டரே சொல்கிறது.

இந்தப் பதிவு அந்தக் கடைசி வகை பற்றியது. இடம் தாராவி 90 அடி ரோட்டில் ஒரு டிடிபி, ஜெராக்ஸ் கடை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கும் ஏரியா என்பதால், ஆடி மாதம் வந்தால் ஊர்க்கோயில் கொடைத் திருவிழா நோட்டீஸ் வேலை இங்கே குவியும். நான் போனபோது வெளியே மும்பை மழை, உள்ளே ஈரக் குடைகளும் காகிதக் கட்டுகளும். மேசைக்கடியில் ஒரு பழைய அசெம்பிள்டு சிபியு. விண்டோஸ் 10, மதர்போர்டிலேயே உள்ள இன்டெல் கிராஃபிக்ஸ், பின்பக்கம் படத்துக்கென்று இருப்பது ஒரே ஒரு விஜிஏ வாய், 15 பின் உள்ள பழைய ரக மானிட்டர் இணைப்பு. மேலே 19 அங்குலச் சதுர மானிட்டர், 1280×1024 ரகம். இன்னும் இதை விட்டுக்கொடுக்காத டிடிபி கடைகள் நிறைய உண்டு. நீளவாக்கில் ஒரு நோட்டீஸ் பக்கம் முழுசாகத் தெரிய இந்த உயரம் வசதி.

“தம்பி, மானிட்டர் அவிஞ்சு போச்சு. இன்னொருத்தர் வந்து பாத்துட்டு போர்டு போயிருக்கும்ங்காரு. உள்ள கொடை நோட்டீஸ் ஃபைலு பூரா கெடக்கு” என்றார் அண்ணாச்சி.

போர்டு போகவில்லை என்பது உட்கார்ந்ததுமே தெரிந்தது. கீபோர்டில் கேப்ஸ் லாக் அழுத்தினால் விளக்கு எரிந்து அணைந்தது. அதைவிட நல்ல சாட்சி, பில் போடும் லேப்டாப்பிலிருந்து கொடுத்த பிரிண்ட் இந்த சிபியு வழியாகத்தான் பிரிண்டருக்குப் போகிறது. அது ஜம்மென்று வெளியே வந்தது. கண் தெரியாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது பாவம்.

சிபியுவை அணைத்துப் போட்டு, மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்தேன். விண்டோஸுக்கு முன்னால் மதர்போர்டே காட்டும் பயாஸ் எழுத்து வந்தது. விண்டோஸ் சின்னம் வந்தது, புள்ளிகள் சுற்றின. லாகின் திரை வர வேண்டிய நொடியில் கறுப்பு. ஒரு பெட்டி மிதந்தது: அவுட் ஆஃப் ரேஞ்ச், 67.5 கிலோஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ். போனில் படம் எடுத்துக்கொண்டேன். எடுத்து முடிப்பதற்குள் விளக்கு ஆரஞ்சுக்குப் போய்விட்டது.

எந்த நேரத்தில் கறுத்தது என்பது முக்கியம். பயாஸின் எழுத்துத் திரை 720×400. விண்டோஸ் சின்னம் வரை இப்படி ஏதாவது ஒரு எளிய அளவில்தான் ஓடும். இன்டெல் டிரைவர் ஏறி, விண்டோஸ் தான் நினைவில் வைத்திருக்கும் ரெசல்யூஷனைப் போடும்போதுதான் மானிட்டர் கையை விரிக்கிறது. அதுவரை படம் தெரிந்ததால் கேபிளில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் வருகின்றன, ஹார்டுவேரில் பெரிய கோளாறு இல்லை.

இனி அந்த எண்கள். பல மானிட்டர்கள் இவற்றைக் காட்டுவதே இல்லை. காட்டும் மானிட்டர் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. கிலோஹெர்ட்ஸ் என்பது ஒரு விநாடியில் எத்தனை கோடு வரையப்படுகிறது என்ற கணக்கு. ஹெர்ட்ஸ் என்பது ஒரு விநாடியில் எத்தனை முழுப் படம். 67,500 கோட்டை 60 படத்துக்குப் பங்கு போட்டால் ஒரு படத்துக்கு 1125 கோடு. அதில் 45 கோடு கண்ணுக்குத் தெரியாது, பழைய குழாய் டிவியில் எலக்ட்ரான் கற்றை கீழிருந்து மேலே திரும்ப விட்ட இடைவெளி இன்றைக்கும் அப்படியே தொடர்கிறது. மீதி 1080. அதாவது 1920×1080. சதுர மானிட்டருக்கு யாரோ ஃபுல் எச்டி படம் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, ஏன் ஏற்கவில்லை? இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. 1280×1024 அளவை 75 ஹெர்ட்ஸில் காட்டும்போது இதே மானிட்டர் ஏறக்குறைய 80 கிலோஹெர்ட்ஸ் வரை போகிறது. அப்படிப் பார்த்தால் 67.5 அதற்குப் பெரிய விஷயமே இல்லை. இடிப்பது வேறு இடத்தில். ஃபுல் எச்டியில் ஒரு கோட்டுக்கு, கண்ணுக்குத் தெரியாத ஓரத்தையும் சேர்த்து 2200 புள்ளி. 2200×1125×60 போட்டால் விநாடிக்கு 14.85 கோடி புள்ளி, அதாவது 148.5 மெகாஹெர்ட்ஸ். 1280×1024க்கு 60 ஹெர்ட்ஸில் 108 மெகாஹெர்ட்ஸ், 75 ஹெர்ட்ஸில் 135. அந்த 135தான் இந்த மானிட்டரின் கூரை. பெட்டியில் கிலோஹெர்ட்ஸை எழுதிக் காட்டினாலும் அது முழிப்பது மெகாஹெர்ட்ஸைப் பார்த்து.

“இப்படியே விட்டா மானிட்டர் புகைஞ்சிருமா தம்பி?” என்று கேட்டார் அண்ணாச்சி. குழாய் மானிட்டர் காலத்தில் நியாயமான பயம் அது. தாங்க முடியாத வேகத்தைக் கொடுத்தால் சில பழைய குழாய்கள் கீச்சிட்டு உள்ளே சூடாகிப் போனதுண்டு. எல்சிடி அப்படியில்லை. முடியாது என்று எழுதிக் காட்டிவிட்டுப் படுத்துவிடும், சேதம் எதுவும் ஆகாது.

யார் மாற்றியது என்று கேட்டேன். அண்ணாச்சியின் மகள் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்திலிருந்து சொன்னாள்: “நான்தான் அண்ணே மாத்துனேன். ஆனா மாத்துனப்போ நல்லாத்தான தெரிஞ்சிச்சு?”

நடந்தது இது. ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் வேலைக்காகச் சொந்தக்காரர் வீட்டிலிருந்து 22 அங்குல ஃபுல் எச்டி மானிட்டர் ஒன்றைக் கடன் வாங்கி வந்திருக்கிறார்கள். மாட்டியதும் எழுத்தெல்லாம் பெரிசாக, மங்கலாக, அகலத்தில் இழுத்துப் பிடித்த மாதிரி இருந்திருக்கிறது. அவள் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் போய் 1920×1080 என்று மாற்றியிருக்கிறாள். பளிச்சென்று வந்தது. ‘கீப் சேஞ்சஸ்’ கொடுத்தாள். வேலை முடிந்து பெரிய மானிட்டர் திரும்பிப் போனது, சதுர மானிட்டர் பழைய இடத்துக்கு வந்தது. அன்றிலிருந்து கறுப்பு.

விண்டோஸ் ரெசல்யூஷன் மாற்றும்போது 15 விநாடி கொடுப்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குள் ‘கீப் சேஞ்சஸ்’ அழுத்தாவிட்டால் பழைய அளவுக்கே திரும்பிவிடும். திரை கறுத்தால் எதையும் தொடாமல் சும்மா இருங்கள், எஸ்கேப் மட்டும் அழுத்தலாம் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். பதற்றத்தில் கண்டதை அழுத்தி, தானாக வந்திருக்க வேண்டிய படத்தைக் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு. ஆனால் இங்கே அந்தக் காவல் உதவவில்லை. அவள் ஒப்புதல் கொடுத்தது படம் நன்றாகத் தெரிந்த இன்னொரு மானிட்டரைப் பார்த்து.

அவள் சொன்னதில் எனக்கு உறுத்தியது வேறொன்று. பெரிய மானிட்டரை மாட்டியதும் ஏன் மங்கலாக வந்தது? ஒழுங்கான இணைப்பில், ஃபுல் எச்டி மானிட்டரை மாட்டினால் விண்டோஸ் தானே 1920×1080க்குப் போய்விடும். யாரும் செட்டிங்ஸைத் திறக்கவே வேண்டியதில்லை. அந்தப் பக்கம் இருப்பது யார் என்றே தெரியாதபோதுதான் அது 1024×768 என்று பொதுவாக ஒன்றைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கும்.

யார் என்று எப்படித் தெரிந்துகொள்கிறது? ஒவ்வொரு மானிட்டருக்குள்ளும் அதன் ஜாதகம் மாதிரி 128 பைட் குறிப்பு ஒன்று இருக்கிறது. இடிஐடி என்பார்கள். வீசா என்ற தரநிர்ணய அமைப்பு 1994இல் கொண்டுவந்தது (விசாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). தயாரித்த நிறுவனத்துக்கு மூன்றெழுத்து, மாடல் எண், எந்த வருஷம் எந்த வாரம் தயாரானது, தனக்குப் பிடித்த ரெசல்யூஷன் எது, என்னென்ன அளவெல்லாம் தாங்கும் என்று எல்லாம் அதில் உண்டு. விஜிஏ கேபிளில் இந்தக் குறிப்பு போக வர இரண்டே பின்: 12, 15. ஒன்று தகவலுக்கு, ஒன்று தாளத்துக்கு. படத்துக்கும் இந்த இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. 1, 2, 3 ஆகியவை சிவப்பு, பச்சை, நீலம். 13, 14 இரண்டும் கோடும் படமும் எங்கே தொடங்குகிறது என்று சொல்பவை. 12உம் 15உம் செத்தாலும் படம் அருமையாக வரும், பெயர் மட்டும் வராது.

கொஞ்சம் வழிமாறுகிறேன். மும்பையின் கம்ப்யூட்டர் கடைத்தெருவான லாமிங்டன் ரோட்டிலோ வேறெங்கோ செகண்ட் ஹேண்ட் மானிட்டர் வாங்குபவர்களுக்கு இந்த 128 பைட் ரொம்ப உபயோகம். பின்னால் ஸ்டிக்கர் கிழிந்திருக்கும், ‘ரெண்டு வருஷம்தான் ஓடியிருக்கு பாய்’ என்பார்கள். இடிஐடியில் வருஷம் 1990இலிருந்து எத்தனை என்ற எண்ணாக எழுதியிருக்கும். 19 என்றிருந்தால் 2009. நிர்சாஃப்ட்டின் மானிட்டர் இன்ஃபோ வியூ போன்ற சின்ன மென்பொருள் போதும், பென் டிரைவில் கொண்டுபோய்க் கடையிலேயே பார்த்துவிடலாம்.

சரி, சதுர மானிட்டருக்கு வருவோம். முதலில் கீபோர்டு வழிகள். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்தினேன். கிராஃபிக்ஸ் டிரைவரை மறுபடி கிளப்பும் சாவி அது. ஒரு பீப் கேட்டது, அவ்வளவுதான். டிரைவர் மறுபடி எழுந்தாலும் அதே ரெசல்யூஷனைத்தானே போடும், வேறென்ன செய்யும். டிரைவர் தொங்கி வரும் கறுப்புக்கு அது நல்ல மருந்து, இதற்கு இல்லை.

ஃபுல் எச்டி தாங்கும் வேறொரு மானிட்டரை மாட்டி அதில் ரெசல்யூஷனைக் குறைத்துவிட்டு வருவது எல்லோரும் சொல்லும் வழி. பக்கத்து மொபைல் கடை டிவியில் எச்டிஎம்ஐ மட்டும், இங்கே விஜிஏ மட்டும், பொருந்தவில்லை. அந்த வழியில் ஒரு பொறியும் உண்டு. கேபிள் நன்றாக இருந்தால் விண்டோஸ் ஒவ்வொரு மானிட்டருக்கும் தனித்தனியாகக் கணக்கு வைத்திருக்கும். இன்னொரு மானிட்டரில் நீங்கள் குறைக்கும் ரெசல்யூஷன் அந்த மானிட்டரின் பெயரில்தான் ஏறும். பழையதை மாட்டினால் மறுபடி கறுப்பு. ‘வேற மானிட்டர்ல மாத்திட்டு வந்தேன், அப்பவும் வரல’ என்று பலர் குழம்புவதற்குக் காரணம் இதுவே. தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க் போன்ற ஒன்றைப் பாஸ்வேர்டோடு முன்னாலேயே போட்டு வைத்திருந்தால் போனிலிருந்தே உள்ளே போய் மாற்றிவிட்டு ஐந்து நிமிஷத்தில் எழுந்து வந்திருப்பேன். இங்கே இல்லை.

அடுத்தது, புள்ளிகள் சுற்றும்போது பவரை நிறுத்தி நிறுத்திப் போடுவது. தொடர்ந்து சில தடவை பூட் பாதியில் நின்றால் விண்டோஸ் தானே ரிப்பேர் திரைக்குப் போகும், அங்கே ஸ்டார்ட்அப் செட்டிங்ஸில் 3ஆம் எண் குறைந்த ரெசல்யூஷன். வேலை செய்யும்தான். ஆனால் உள்ளே இருப்பது பழைய சுற்றும் ஹார்டு டிஸ்க், அதில் ஊர்ப்பட்ட பேருடைய கொடை நோட்டீஸ். திரையைச் சரிசெய்ய வந்துவிட்டு டிஸ்க்கைக் கெடுத்துவிட்டுப் போக எனக்கு மனசில்லை.

பையில் விண்டோஸ் இன்ஸ்டால் பென் டிரைவ் எப்போதும் இருக்கும். அதிலிருந்து பூட் செய்தால் திரை வரும், ஏனென்றால் அது சிபியுவில் ஏற்றியுள்ள இன்டெல் டிரைவரையோ சேமித்த ரெசல்யூஷனையோ தொடாது. ‘ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்’ போய்ப் பார்த்தால், பென் டிரைவ் வழியாக வந்தவர்களுக்கு ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் மெனுவே காட்டாது. அதனால் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, பிசிடிஎடிட் கட்டளையால் டிஃபால்ட் பூட்டின் பூட் மெனு பாலிசியை லெகஸி என்று மாற்றினேன். இப்படிச் செய்தால் விண்டோஸ் 7 காலத்து எஃப்8 சாவி மறுபடி உயிர்பெறும். பென் டிரைவைப் பிடுங்கி, ரீஸ்டார்ட் கொடுத்து, எஃப்8ஐத் தட்டிக்கொண்டே இருந்தால் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து மெனு. அதில் ‘எனேபிள் லோ ரெசல்யூஷன் வீடியோ’.

புதிய லேப்டாப்பில் இதைச் செய்யப் போகிறவர்கள், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் ரெகவரி கீ கையில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பூட் அமைப்பைத் தொட்டால் அது கேட்கும். கீ இல்லையென்றால் கறுப்புத் திரை பரவாயில்லை என்று தோன்றும் நிலைமைக்குப் போய்விடுவீர்கள்.

டெஸ்க்டாப் வந்தது, ஐகானெல்லாம் பூதாகாரமாக. “வந்துட்டே!” என்று அண்ணாச்சி எழுந்தேவிட்டார். முதல் வேலையாகக் கொடை நோட்டீஸ் ஃபோல்டரைப் பென் டிரைவில் காப்பி எடுத்துக் கையில் கொடுத்தேன். அதன்பிறகு யாரும் அவசரப்படுத்தவில்லை.

விண்டோஸ் தன் செட்டிங்ஸையெல்லாம் எழுதி வைக்கும் இடம் ரெஜிஸ்ட்ரி. அதன் எடிட்டரைத் திறந்தேன். எச்கேஎல்எம் கிளையில் சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், கிராஃபிக்ஸ் டிரைவர்ஸ் என்று இறங்கினால் கான்ஃபிகரேஷன் என்று ஒன்று இருக்கும். மானிட்டர் வாரியாக விண்டோஸ் வைத்திருக்கும் கணக்குப் புத்தகம் அது. தொடுவதற்கு முன் கிராஃபிக்ஸ் டிரைவர்ஸ் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து வைத்தேன். அடிப்படை டிரைவர் எழுதி வைத்த சில வரிகளை ஒதுக்கிவிட்டால் மிச்சம் இருந்தவை இரண்டு. ஒன்று சதுர மானிட்டரின் சொந்தப் பெயரில், தயாரிப்பாளரின் மூன்றெழுத்தில் தொடங்கியது. உள்ளே திரை அகலம் 500, உயரம் 400. பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்கள் இவை, நம் வழக்கமான கணக்கில் 1280உம் 1024உம். இன்னொன்றின் பெயர் நோஇடிஐடி என்று தொடங்கியது. உள்ளே 780, 438. அதாவது 1920, 1080.

ஆக, சதுர மானிட்டருக்கு எது சரி என்பது விண்டோஸுக்கு எப்போதும் தெரிந்தே இருந்திருக்கிறது. அந்த அளவை அது அழிக்கவும் இல்லை, மாற்றவும் இல்லை. எதிரே இருப்பது அந்த மானிட்டர்தான் என்பதுதான் அதற்குத் தெரியவில்லை. பெயர் வராததால், ‘பெயரில்லாதவர்’ கணக்கில் கடைசியாக எழுதியிருந்த ஃபுல் எச்டியை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. பெரிய மானிட்டரும் பெயரில்லாதவர், இதுவும் பெயரில்லாதவர், இரண்டும் அதன் கண்ணுக்கு ஒரே ஆள்.

முன்பு பெயர் வந்துகொண்டிருந்தது, இப்போது வரவில்லை. நடுவில் மாறியது என்ன? மேசைக்கடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். “இந்த கேபிள் உங்களோடதா?” என்றேன்.

அவள் குனிந்து பார்த்தாள். “இல்ல அண்ணே, அந்தப் பெரிய மானிட்டரோட வந்தது. அது நீளமா இருந்துச்சு, சொருவிட்டோம். திருப்பிக் குடுக்கும்போது மானிட்டர் பக்கம் மட்டும் கழட்டிட்டு இதுல மாட்டிட்டேன். சிபியு பக்கம் சுவரோட ஒட்டிக் கெடக்கு, யாரு இழுக்கது?”

கேபிளைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தேன். விஜிஏ கேபிளின் இரு முனையும் ஆண் முனை என்பதால் சோதிப்பது சுலபம். இரண்டையும் அகலமான பக்கம் மேலே இருக்க முகம் பார்த்துப் பிடித்தால் ஒரே இடத்தில் இருப்பது ஒரே பின். மீட்டர் முனை தடிமனாக இருந்து பக்கத்துப் பின்னைத் தொட்டால் குண்டூசியைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளலாம். 1, 2, 3 பீப். 13, 14 பீப். 12 மௌனம். 15 மௌனம். வளைத்துப் பார்த்தேன், முறுக்கிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. 9ஆம் பின்னும் பேசவில்லை. அது குற்றமில்லை, பல நல்ல கேபிள்களில் 9ஆம் பின்னே இருக்காது, அதைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம்.

வெளியே பார்த்தால் 12உம் 15உம் பளபளவென்று இருந்தன, வளையவில்லை, கறுக்கவில்லை. உள்ளே கம்பிதான் இல்லை. மலிவு விஜிஏ கேபிள்களில் இது புதிதல்ல. படத்துக்கு வேண்டிய கம்பியை மட்டும் இழுத்துவிட்டு மற்றப் பின்களைச் சும்மா நட்டு வைத்துவிடுவார்கள். செம்பு மிச்சம். வாங்குபவர் மாட்டுவார், படம் வரும், யாருக்குத் தெரியப்போகிறது? எனக்கு இதில் கோபம் வருவது உண்டு. நாலு ரூபாய்க் கம்பியை மிச்சம் பிடித்ததில் ஒரு நல்ல போர்டுக்குச் சாவு ஓலை எழுதியிருக்கிறார்கள். பின்னைக் கண்ணால் பார்த்து கேபிள் சரி என்று சொல்லும் மெக்கானிக் மேலும் எனக்கு நம்பிக்கை கிடையாது.

கடையின் சொந்த கேபிள் பரணில் காலி டோனர் பெட்டிக்குள் கிடைத்தது. 12, 15 இரண்டும் பேசின. மாட்டி, எதையும் அழிக்காமல், சாதாரணமாக பூட் செய்தேன். லாகின் திரை நேராக 1280×1024இல் வந்து நின்றது. பெயர் தெரியாத மானிட்டருக்கு டிவைஸ் மேனேஜர் போடும் ‘ஜெனரிக் நான் பிஎன்பி மானிட்டர்’ இப்போது இல்லை. அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பக்கத்தில் மானிட்டரின் மாடல் பெயரே வந்தது. ரெசல்யூஷன் பட்டியலில் ஃபுல் எச்டி காணோம். அது இருக்கவும் கூடாது, தன்னால் முடியாததை மானிட்டரே இப்போது சொல்லிவிட்டது.

பிறகு நோஇடிஐடி என்று தொடங்கிய அந்த ஒரு கிளையை மட்டும் அழித்தேன். நாளைக்கு எவராவது மறுபடி இப்படியொரு கேபிளைச் சொருகினாலும் 1024×768 மங்கலாகவாவது வரும், கறுக்காது. கான்ஃபிகரேஷனையும் பக்கத்தில் உள்ள கனெக்டிவிட்டியையும் ஒட்டுமொத்தமாகக் காலி செய்யச் சொல்வது வழக்கம். அப்படிச் செய்தாலும் கேடில்லை, விண்டோஸ் அடுத்த பூட்டில் புதிதாக எழுதிக்கொள்ளும். ஆனால் காரணம் தெரியாமல் காலி செய்திருந்தால் அன்றைக்குப் படம் வந்திருக்கும், கேபிள் அங்கேயே இருந்திருக்கும், அடுத்த ஃப்ளெக்ஸ் வேலைக்கு மறுபடி கூப்பிட்டிருப்பார்கள். எஃப்8 மெனுவை நான் பழையபடி மாற்றவில்லை. இந்த மாதிரிக் கடை சிபியுவில் அது இருப்பதே நல்லது.

கடன் கேபிளின் இரு முனையிலும் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி ‘படம் மட்டும்’ என்று எழுதிக் கொடுத்தேன். வெட்டிப் போட்டிருப்பேன், அவர்களுடையது இல்லையே.

இதற்கு நேர்த் தலைகீழான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சயான் கோலிவாடாவில் ஒரு எஞ்சினியரிங் மாணவன், உபுண்டு (லினக்ஸ்) லேப்டாப், மாமா வீட்டு 4கே டிவி, நீளமான பழைய எச்டிஎம்ஐ கேபிள். டிவியில் 3840×2160, 60 ஹெர்ட்ஸ் வைத்தான். படம் வந்து வந்து போனது. உபுண்டுவின் டெஸ்க்டாப்பான க்னோம் 20 விநாடி கொடுக்கும், படம் தெரிந்த ஓர் இடைவெளியில் ‘கீப்’ அழுத்திவிட்டான். அதோடு ‘டிவி மட்டும்’ என்றும் வைத்திருந்தான். கேபிளைச் சொருகினால் லேப்டாப் திரை அணையும், டிவி கண் சிமிட்டிவிட்டுக் கறுக்கும்.

இங்கே பெயர் ஒழுங்காகப் போகிறது. டிவி தன் குறிப்பில் 4கே, 60 ஹெர்ட்ஸ் முடியும் என்கிறது, அது உண்மையும்கூட. அந்தக் குறிப்பு போகும் கம்பியின் வேகம் 100 கிலோஹெர்ட்ஸ்தான், எந்த நோஞ்சான் கேபிளும் அதைச் சுமந்துவிடும். படம்தான் சுமக்க முடியாதது: ஃபுல் எச்டியின் 148.5 மெகாஹெர்ட்ஸைப்போல நான்கு மடங்கு, 594. கேபிளில் விநாடிக்கு 18 ஜிகாபிட் ஓட வேண்டும். 2013இல் வந்த எச்டிஎம்ஐ 2.0 இதற்கு வழி செய்தது. அவனுடைய கேபிள் அதற்கு முந்தியது, 4கே என்றால் 30 ஹெர்ட்ஸ்தான் என்றிருந்த 1.4 காலத்தது.

கேபிளை உருவியதும் லேப்டாப் திரை திரும்பி வந்தது. ஹோம் ஃபோல்டரில் கன்ட்ரோல் எச் அழுத்தி, மறைந்திருக்கும் டாட் கான்ஃபிக் ஃபோல்டருக்குள் மானிட்டர்ஸ் டாட் எக்ஸ்எம்எல் என்ற கோப்பைப் பெயர் மாற்றி வைத்து, லாக் அவுட் ஆகி வரச் சொன்னேன். விண்டோஸின் கான்ஃபிகரேஷன் கிளை செய்யும் வேலையை க்னோமில் இந்தக் கோப்பு செய்கிறது, இதுவும் மானிட்டர் வாரியாகத்தான். மறுபடி சொருகியபோது டிவி பழையபடி கண் சிமிட்டியது, ஆனால் ‘டிவி மட்டும்’ போய்விட்டதால் லேப்டாப் திரை அணையவில்லை. அங்கிருந்தே டிவியை 30 ஹெர்ட்ஸுக்கு இறக்கினோம், படம் நின்றது. மவுஸ் இழுத்துக்கொண்டு போகிறது என்று பிறகு அவனே 1920×1080, 60 ஹெர்ட்ஸுக்கு மாறிவிட்டான். 4கே வேண்டுமென்றால் நீளம் குறைந்த, 18 ஜிகாபிட் தாங்கும் கேபிள் ஒன்று வாங்க வேண்டும். மாமா அந்த டிவியில் பார்ப்பது சீரியல் மட்டும் என்பதால் அது இன்னும் வாங்கப்படவில்லை.